ட்ரான்சிட் இரவில் எங்கே படுப்பது? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து புறப்படுபவர்களுக்கு

களுவாஞ்சிகுடியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு டொரன்டோவில் இருக்கும் அண்ணனிடம் போய்வந்தேன். போகும்போது தோஹாவில் விமானம் மாற (ட்ரான்சிட்) 9 மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்தது. அது நல்லபடியாகக் கழிந்தது. திரும்பி வரும்போதுதான் வளைகுடா விமான நிலையம் ஒன்றில் 14 மணித்தியாலம் அம்மாவை இரும்புக் கதிரையில் இருத்தி வைத்திருந்தேன். அம்மாவுக்கு 68 வயது, கால் வீங்கும். விடியும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. கையில் காசு இருந்தது. அறையும் இருந்தது, ஆனால் குடிவரவை (கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் இடம்) தாண்டி வெளியே. எங்களிடம் அந்த நாட்டு விசா இல்லை.

இந்த இரவை வேறு யாருடைய தாயும் கழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் வரிசையாக வாசியுங்கள். படுக்கை தேடுவது நான்காவது, ஐந்தாவது வேலைதான். முதல் மூன்றையும் வீட்டிலேயே முடித்திருக்க வேண்டும்.

1. டிக்கெட்டை வாங்குவதற்கு முன் விரித்துப் பாருங்கள்

ஏஜென்சியில் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "இது ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?" என்று கேளுங்கள். ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் முழுப் பயணத்துக்கும் ஒரே பதிவிலக்கம்தான் இருக்கும். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்து வரும், பி.என்.ஆர் என்று சொல்வார்கள். ஒரு விமானத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு வேறொன்று என்று இருந்தால், "பேக் கடைசி ஊர் வரைக்கும் நேரே போகுமா? முதல் விமானம் பிந்தி அடுத்தது போய்விட்டால் யார் பொறுப்பு?" என்று கட்டாயம் கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் "நீங்கள்தான்".

எங்கள் திரும்பும் பயணம் அப்படித் தனித்தனியாகப் போட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து 38,000 ரூபா மிச்சம் என்று சொன்னார்கள், நானும் சரி என்றேன். பேக் இடையிலேயே இறங்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டுமாம், வெளியே போக விசா இல்லை. கடைசியில் ட்ரான்சிட் கவுண்டரில் இருந்த ஒருவர் மனமிரங்கி, பேக் துண்டுகளை வாங்கி ஆளனுப்பி எடுப்பித்தார். அதற்கே 5 மணித்தியாலம் போயிற்று. எல்லா இடத்திலும் இப்படி ஒருவர் கிடைப்பார் என்று நம்பிப் புறப்படாதீர்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் கட்டுநாயக்கவில் பேக்கைப் போடும்போது கைப்பிடியில் கட்டும் துண்டைப் பாருங்கள். மூன்று எழுத்தில் ஊர் இருக்கும். டொரன்டோ என்றால் ஒய்.ஒய்.இசட். டி.ஓ.எச் என்று மட்டும் இருந்தால் தோஹாவிலேயே இறங்கிவிடும். அந்த இடத்திலேயே கேட்டுத் திருத்துங்கள்.

அப்புறம் திகதி. 15ஆம் திகதி 00.40 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 14ஆம் திகதி இரவு. இதில் ஏமாந்து விமானத்தை விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அறை பதிவதிலும் இதே பொறி உண்டு. 15ஆம் திகதி விடிய 2 மணிக்கு இறங்குகிறீர்கள் என்றால் 14ஆம் திகதி இரவுக்குத்தான் அறை பதிய வேண்டும். 15 என்று போட்டால் பின்னேரம் 2 மணிக்குத்தான் திறப்பு தருவார்கள்.

எந்த டெர்மினலில் இறங்கி எதில் ஏறுகிறோம் என்பதையும் கேளுங்கள். துபாயில் டெர்மினல் 2 மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி, ஓடுபாதைக்கு மறுபக்கம் இருக்கிறது. கோலாலம்பூரில் ஶ்ரீலங்கன் டெர்மினல் 1க்கு வரும், எயார் ஏசியா டெர்மினல் 2இலிருந்து போகும். தனித்தனி டிக்கெட்டில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மலேசியாவுக்குள் நுழைய வேண்டும், நம் கடவுச்சீட்டுக்கு அதற்கு இ-விசா வேண்டும்.

2. வெளியே போக முடியுமா என்பதை விசாதான் தீர்மானிக்கும்

இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் எழுதும் பயணக் குறிப்பை வாசித்துவிட்டு "நகரத்தில் ஒரு ஹோட்டல் எடுப்போம்" என்று நினைக்க முடியாது. நாடு நாடாகப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் நமக்குச் சுகம். குறுகிய காலத்துக்கு விசா வேண்டாம். வெளியே போவதென்றால் இறங்குவதற்கு முந்திய 3 நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு இல்லை. காசு கேட்கும் இணையத்தளத்தைக் கண்டால் மூடிவிடுங்கள்.

துபாய், அபுதாபியில் வெளியே போக ட்ரான்சிட் விசா உண்டு. 48 மணித்தியாலத்துக்கு உள்ளது இலவசம், 96 மணித்தியாலத்துக்கு உள்ளது 50 திர்ஹம். இரண்டுக்கும் சேவைக் கட்டணம் தனியாக வரும். அந்த நாட்டு விமான நிறுவனங்கள் வழியாக, புறப்படுவதற்கு முன்னரே எடுத்திருக்க வேண்டும். போய் இறங்கியபின் கேட்கிற விஷயம் இல்லை.

சென்னை வழியாகத் தனித்தனி டிக்கெட்டில் போகிறவர்களுக்குப் பொதியை எடுக்க இந்தியக் குடிவரவைத் தாண்ட வேண்டி வரும். இ-விசாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பிராங்பேர்ட், பாரிஸ், சூரிச் போன்ற செங்கன் நாட்டு (ஒரே விசாவில் போகும் ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்களில் வெளியே போகாமல் உள்ளேயே விமானம் மாறுவதற்குக்கூட இலங்கையருக்கு விமான நிலைய ட்ரான்சிட் விசா வேண்டும். ஆட்கள் கதிரையில்தானே இருக்கப் போகிறோம் என்று நினைத்துப் போய், கட்டுநாயக்கக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, முடிவு வர சாதாரணமாக 15 நாள். லண்டனிலும் இப்படி ஒரு ட்ரான்சிட் விசா உண்டு. செல்லுபடியாகும் கனடா அல்லது அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு இரண்டு இடத்திலும் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழியாகப் போவதென்றால் விசா இல்லாமல் முடியவே முடியாது. உள்ளேயே நின்று மாறும் ஏற்பாடு அங்கே இல்லை.

விசா இல்லாத இடத்தில் வெளியே இருக்கும் ஹோட்டலைப் பதியாதீர்கள். பெயர் ஒன்றாகவே இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். இஸ்தான்புல் விமான நிலையத்தில் யோட்டல் என்ற ஹோட்டலுக்குக் குடிவரவுக்கு உள்ளே ஒரு பகுதி, வெளியே ஒரு பகுதி. பதியும் பக்கத்தில் எது என்று பார்த்துத்தான் காசைக் கட்ட வேண்டும்.

3. விமான நிறுவனம் அறை தருமா என்று கேளுங்கள்

நீண்ட காத்திருப்புக்குச் சில நிறுவனங்கள் தாங்களே ஹோட்டல் தருகின்றன. எமிரேட்ஸ் துபாய் கனெக்ட் என்ற பெயரில் அறை, சாப்பாடு, வாகனம், தேவையான விசா எல்லாம் சேர்த்துத் தருகிறது. ஆனால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும், அதைவிடக் குறைந்த நேரத்தில் மாறக்கூடிய விமானம் அன்று இல்லாமல் இருக்க வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வேண்டும். மலிவாக இருக்கிறது என்று நீங்களாகவே நீண்ட காத்திருப்பைத் தெரிவு செய்தால் கிடைக்காது.

கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். டிக்கெட் போடும் அன்றே ஏஜென்சியிடம் கேளுங்கள். "கிடைக்கும், அங்கே போய்க் கேளுங்கள்" என்று சொன்னால் ஏற்க வேண்டாம். உறுதிப்படுத்திய தாள் கையில் வந்தால்தான் அறை இருக்கிறது என்று அர்த்தம்.

வயதானவர் வருகிறார் என்றால் அதே நேரத்தில் சக்கர நாற்காலியும் கேட்டுவிடுங்கள். இலவசம். குறைந்தது 48 மணித்தியாலம் முன்னரே சொல்லிவிட வேண்டும். இதில் ஒரு விஷயம் இருக்கிறது: இடையில் இறங்கும் நிலையத்தில் நாற்காலி தள்ளுகிறவர் ஆளை ஒரு காத்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார். தோஹாவில் அம்மாவை அப்படி விட்டபோது, "படுத்து ஓய்வெடுக்கும் அமைதி அறைக்குக் கொண்டுபோய் விடுங்கள், இத்தனை மணிக்கு வாருங்கள்" என்று நான்தான் சொல்லிக் கேட்டேன். செய்து தந்தார்கள்.

4. உங்கள் முதல் காத்திருப்பு கட்டுநாயக்கவில்தான்

கொழும்பில் இருப்பவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு விமானத்துக்குப் போவார். நமக்கு அது 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ் விடியப் புறத்தில் கொண்டுபோய்க் கொழும்பில் விடும், விமானம் அன்றிரவு. அந்தப் பகல் முழுக்க எங்கே இருப்பது என்று யோசிக்காமல் புறப்படுகிறவர்கள்தான் அதிகம். பயணம் தொடங்குமுன்னே உடம்பு களைத்துப்போகிறது.

என் யோசனை, நீர்கொழும்புப் பக்கம் ஒரு அறை எடுங்கள். விமான நிலையத்திலிருந்து சுமார் 10 கிலோமீற்றர்தான். கடற்கரையோரம் உல்லாசப் பயணிகளுக்கான இடங்கள் இருக்கின்றன. குரணை, சீதுவைப் பக்கம் சின்ன விடுதிகள் மலிவு. நாங்கள் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணி வரைக்கும் ஒரு அறைக்கு 6,500 ரூபா கொடுத்தோம், மின்விசிறி அறை. விலை பேசும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: பகலில் மட்டும் தங்க எவ்வளவு, விமான நிலையத்துக்கு வாகனம் அதற்குள் வருமா தனியா. கூட வழியனுப்ப வருகிறவர்கள் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும், விடுதியில் கேட்பார்கள்.

கொழும்புக்குப் போய்த்தான் வர வேண்டும் என்றில்லை. வான் வண்டியில் வருகிறவர்கள் குருநாகலில் பிரிந்து நாரம்மலை, கிரியுல்ல, மினுவாங்கொடை வழியாக நேரே கட்டுநாயக்கவுக்கு வரலாம். பஸ்ஸில் கொழும்பு வந்தால் அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ் இருக்கிறது. ரயில் என்றால் மட்டக்களப்புதான் கடைசி நிலையம். கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் அதுவரை வந்துதான் ஏற வேண்டும். பலர் அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாக பஸ்ஸிலேயே வந்துவிடுகிறார்கள்.

கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் மன்னம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறினால் வீதி மூடப்படும். அந்த மாதங்களில் ஒரு நாள் முந்திப் புறப்படுங்கள். அறைக்குக் கொடுக்கும் காசு, தவறிய டிக்கெட்டுக்கு முன் ஒன்றுமே இல்லை.

விமானத்துக்கு 3 மணித்தியாலம் முன்னர் உள்ளே போனால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் வேலைவாய்ப்புப் பணியகப் பதிவையும் காட்ட வேண்டும், அவர்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கையில் கொண்டுபோகும் பையில் சம்பல் போத்தல், தயிர் முட்டி வைக்காதீர்கள். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட நீராகாரம் எதுவும் போகாது. கட்டுநாயக்கவில் தப்பினாலும் இடையில் மறுபடி சோதிப்பார்கள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பேக்கில் போடக்கூடாது.

5. விசா இல்லாமல் உள்ளேயே படுக்கக்கூடிய இடங்கள்

தோஹாவில் ஆண்களுக்கு, பெண்களுக்கு, குடும்பத்துக்கு என்று அமைதி அறைகள் இருக்கின்றன. காசு இல்லை. சாய்ந்து படுக்கும் கதிரைகள், மங்கிய வெளிச்சம். நடுச்சாமத்துக்குப் பிறகு நிரம்பிவிடும். இறங்கியதும் கடை பார்க்காமல் நேரே அங்கே போங்கள். நாங்கள் அப்படிப் போனதால் அம்மாவுக்கு ஓரத்தில் ஒரு இடம் கிடைத்தது. கட்டில் வேண்டும் என்றால் ட்ரான்சிட் பகுதிக்குள்ளேயே ஒறிக்ஸ் ஹோட்டல் இருக்கிறது, மணித்தியாலக் கணக்கில் தருவார்கள்.

துபாயில் டெர்மினல் 3க்குள் துபாய் இன்டர்நஷனல் ஹோட்டல் இருக்கிறது. அதைவிடச் சிக்கனமாக ஸ்லீப் அண்ட் ஃப்ளை என்ற படுக்கைப் பெட்டிகள். கதவை மூடிக்கொண்டு ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். தனியாகப் போகும் பெண்களுக்கு அதுதான் நிம்மதி என்று நினைக்கிறேன். அபுதாபியின் புதிய டெர்மினல் ஏ இல் ஏரோட்டல் இருக்கிறது.

சிங்கப்பூர் சாங்கியில் காசு இல்லாமலே நன்றாகப் படுக்கலாம். ஓய்வுக் கதிரைகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அறை வேண்டும் என்றால் டெர்மினல் 1இல் ஏரோட்டல். டெர்மினல் 1, 2, 3 மூன்றுக்கும் இடையே உள்ளேயே சின்ன ரயிலில் போய்வரலாம். கோலாலம்பூர் டெர்மினல் 2இல் கப்சூல் டிரான்சிட் என்று பெட்டிப் படுக்கை உண்டு. பதியும்போது குடிவரவுக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள்.

இந்த உள்ளே இருக்கும் ஹோட்டல்கள் மலிவு இல்லை. 6 மணித்தியாலத்துக்கு 25,000 ரூபாவுக்குக் குறைந்து நான் கண்டதில்லை. காத்திருப்பு 7 மணித்தியாலத்துக்குக் கீழே என்றால் எடுக்க வேண்டாம், அமைதி அறை போதும். 10 மணித்தியாலத்தைத் தாண்டினால், அதிலும் வயதானவரோ கைக்குழந்தையோ கூட இருந்தால், யோசிக்காமல் எடுங்கள். டிக்கெட் விலையோடு சேர்த்தே இந்தக் காசைக் கணக்குப் பாருங்கள். உள்ளேயே அறை உள்ள நிலையம் வழியாக வந்திருந்தால், எனக்கு மிச்சமான 38,000 ரூபாவுக்கு அம்மாவை அன்றிரவு கட்டிலில் படுக்க வைத்திருக்கலாம்.

முன்கூட்டியே வீட்டிலிருந்து பதிவதுதான் நல்லது. அங்கே போய் நம் வங்கி அட்டையில் கட்டப் போனால் போனுக்கு ஓடிபி என்ற ஒருதடவை இலக்கம் வரும். வெளிநாட்டிலும் நம் சிம் வேலை செய்ய ரோமிங் போடாமல் போன போனுக்கு அது வராது, அட்டை இருந்தும் கட்ட முடியாது. புறப்படுமுன் ரோமிங்கைப் போட்டு, குறுஞ்செய்தி வருமா என்று வங்கியிலும் கேட்டுவையுங்கள். கையில் 100 அமெரிக்க டொலராவது சின்னத் தாள்களாக இருக்கட்டும். இலங்கை ரூபாவை அங்கே மாற்றலாம் என்று நம்பாதீர்கள்.

6. கதிரையில்தான் இரவு என்றால்

குளிர்தான் முதல் எதிரி. சித்திரை வெயிலில் புறப்பட்ட உடம்பு அந்த ஏசியில் நடுங்கும். ஒரு சாரம் அல்லது பருத்திப் போர்வை, காலுறை, ஸ்வெட்டர் மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பேக்கில் அல்ல. மருந்தும் அப்படித்தான். வைத்தியர் எழுதிய துண்டோடு.

இடம் தேடும்போது நீங்கள் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில், கைப்பிடி இல்லாத நீண்ட இருக்கையாக, மற்றக் குடும்பங்களும் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஒதுக்குப்புறம் அமைதியாக இருக்கும், ஆனால் பையைக் காலுக்குக் கீழே வைத்துத் தூங்க முடியாது. பையின் பட்டியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டும் காசும் உடம்போடு இருக்கட்டும். தொழுகை அறையில் படுக்கிறவர்களைக் கண்டேன். அது தொழ வருகிறவர்களுக்கான இடம், எழுப்பிவிடுவார்கள், அது சரியும்கூட.

நேரத்தைக் கவனியுங்கள். தோஹா நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், துபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால், சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இரண்டரை மணித்தியாலம் முன்னால். கைக்கடிகாரத்தை இறங்கியவுடன் மாற்றுங்கள். அலாரத்தை டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாக வையுங்கள். பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள் என்று தூங்காதீர்கள். பல பெரிய நிலையங்களில் அப்படிக் கூப்பிடுவதில்லை. வாசல் இலக்கம் கடைசி நேரத்தில் மாறும், எழுந்ததும் முதலில் பலகையைப் பாருங்கள்.

தனியாகப் போகும் தாய்மாருக்கு, ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். விமான இலக்கம், போகும் ஊர், எத்தனை மணிக்கு ஏற வேண்டும், பிள்ளையின் போன் இலக்கம். வளைகுடா நிலையங்களில் தமிழ்நாட்டவரும் கேரளத்தவரும் வேலை செய்கிறார்கள். துண்டைக் காட்டித் தமிழிலேயே கேட்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

விமானம் பிந்தினால் கவுண்டருக்குப் போய்ச் சாப்பாட்டுத் துண்டும், இரவாகிவிட்டால் அறையும் கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், ஆனால் கேட்காமல் வரவும் வேண்டாம். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் கையில் வரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

7. திரும்பி வந்து இறங்கும் இரவு

கட்டுநாயக்கவில் நடுச்சாமத்தில் இறங்கி, அப்படியே வான் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள் பலர். சாரதியும் அன்று பகல் முழுக்க ஓடி வந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஹபரணையைத் தாண்டினால் காடு, யானை குறுக்கே வரும். ஊரிலிருந்து வான் வருகிறதென்றால் சாரதி நீர்கொழும்பில் சில மணித்தியாலம் தூங்கி எழுந்து வர ஒரு அறைக்குக் காசு கொடுங்கள், அல்லது நீங்களும் வருகை மண்டபத்தில் விடியும்வரை இருந்துவிட்டு வெளிச்சத்தோடு புறப்படுங்கள்.

பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்கள் வெளியே வருமுன் உள்ளே வங்கிக் கவுண்டரில் கொஞ்சக் காசை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும். கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை ரயிலைப் பிடிப்பதென்றால், பெரிய பேக் வரச் சுணங்கும் நேரத்தையும் சேர்த்து, தரையிறங்கியதிலிருந்து 3 மணித்தியாலமாவது கையில் இருக்கட்டும். அந்த நேரம் இல்லையென்றால் பகலில் நீர்கொழும்பில் படுத்துவிட்டு இரவு பஸ்ஸில் போங்கள். நானும் அம்மாவும் அப்படித்தான் வந்தோம். பின்னேரம் நாலு மணிவரை அம்மா எழும்பவில்லை.